பூப்போட்ட பெட்ஷீட்

ஜனவரி 9, வெள்ளி

அக்காவுக்கு,

நேற்று மாலையிலிருந்து நீ எத்தனை முறை போன் செய்தாலும் நான் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், கோபம் போய்விடும். இந்தக் கோபத்தை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. அதனால் எழுதுகிறேன். நம் லாண்டரி வேன்தான் தினமும் உன் ஆஸ்பத்திரிக்கு வருகிறதே, டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதானால் நீயும் அவர் கையிலேயே கொடு. அழுக்குத் துணி மூட்டைக்குள் போட்டுவிடாதே.

உன்னை எதற்குக் கூப்பிட்டேன்? வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத தொழிலாளிக்குப் பரிசு கொடுக்க. ஹெட் நர்ஸ், எந்த நோயாளிக்கு எந்தக் கட்டில் என்று முடிவு செய்கிறவள், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகம், அதற்கும் மேல் என் கூடப் பிறந்தவள் என்றுதான் கூப்பிட்டேன். நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார வைத்தேன். மூன்றாவது வருடமாக அட்டெண்டன்ஸ் அண்ணன்தான் ஜெயித்திருந்தார். அவருக்கு அந்தப் பெயரே இந்தப் பரிசால் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு வந்திருந்தார். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சுவர்க் கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அவர் ரெண்டு தடவை இருமினார். நீ கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்தாய். மைக்கில் வேறு சொன்னாய்: "அனலா கொதிக்குது! இவரை யாரு வேலைக்கு விட்டது? வீட்டுக்குப் போங்கண்ணே, அஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

லீவே போடாததற்குப் பரிசு வாங்க வந்தவரை மேடையிலேயே லீவில் அனுப்பி வைத்த சிறப்பு விருந்தினர் உலகத்திலேயே நீ ஒருத்திதான். கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எங்கே பார்ப்பது? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது வருடா வருடம் வருகிற ஃப்ளூ அக்கா. குளிர் வந்தால் வரும், குளிர் போனால் போகும். பெருந்தொற்று வந்த வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கே தெரியும். அன்றைக்கு ஊரே மூடியிருந்தது, நானும் மூடினேன். இன்றைக்கு ஊரே திறந்திருக்கும்போது ஒவ்வொரு இருமலுக்கும் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பினால் மெஷினை யார் ஓட்டுவது, நீயா?

இப்படிக்கு,
லாண்டரி முதலாளி

ஜனவரி 10, சனி

அன்புள்ள லாண்டரி முதலாளிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக இருந்தது. மடிக்கவே பயமாக இருக்கிறது.

தம்பி, பெருந்தொற்று வருடத்தில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும்தான். வாழைப்பழத்துக்குச் சோப்புப் போட்டவன் நீ. பேப்பர்காரர் போட்ட பேப்பரை இஸ்திரி போட்டுவிட்டுப் படித்தவன். ஊசி போட ஆரம்பித்த அன்று, விடியும் முன்னால் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றவன். இந்த வருடம் உன் ஆட்களுக்கெல்லாம் ஃப்ளூ ஊசி போட்டுவிடு என்று மழைக்காலத்திலேயே சொன்னேன். "சளிக்கு ஊசியா? விக்ஸ் போதும்" என்றாய்.

உன்னை மட்டும் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான். அப்போது என் யூனிஃபார்மைப் பார்த்தாலே எதிர்ப் பக்கம் போனவர்கள் இப்போது தோளில் கை போட்டு இருமுகிறார்கள். நோயாளி ஒருவரைப் பார்க்க எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் மூன்று பேருக்கு மூக்கு ஒழுகுகிறது. "மாஸ்க் போடுங்க" என்றால் "அதெல்லாம் முடிஞ்சு போச்சே சிஸ்டர்" என்கிறார்கள். கீழே இரண்டு வார்டும் நிரம்பிவிட்டன. அன்றைக்கு மாடியிலிருந்து எங்களுக்குக் கை தட்டியவர்கள்தான் இன்றைக்குக் கட்டில் கிடைக்கத் தாமதமானால் மேஜையைத் தட்டுகிறார்கள்.

மூச்சு வாங்குகிறவருக்குத் தன்னைப் பிடித்த கிருமியின் பெயர் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கட்டில் இருக்கிறதா இல்லையா என்பதுதான். முக்கால்வாசிப் பேர் வீட்டில் படுத்து எழுந்துவிடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பேர் ஒரே மாதத்தில் மொத்தமாக என்னிடம் வருகிறார்கள். நான் கடையை மூடச் சொல்லவில்லை. இருமுகிற ஒருவரை வீட்டுக்கு அனுப்பு, கடை திறந்தே இருக்கும்.

மேல்மாடி வார்டு ஞாபகம் இருக்கிறதா? பெருந்தொற்றுக்காகத் திறந்து, முடிந்ததும் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்களே? அதைத் திறக்கச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் சண்டை போட்டு ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை திறக்கிறோம். உன்னிடமிருந்து பெட்ஷீட் இரண்டு மடங்கு வேண்டும். கோபத்தை என்மேல் காட்டு, துணிமேல் காட்டாதே. ஏற்கனவே என் நீலப் பூப்போட்ட பெட்ஷீட்டைத் தொலைத்த பாவம் உன்மேல் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 11, ஞாயிறு

அக்காவுக்கு,

பெட்ஷீட் இரண்டு மடங்கு வரும். சொன்னால் சொன்னதுதான், இந்த லாண்டரி வாக்குத் தவறியதில்லை.

உன் நீலப் பூ பெட்ஷீட்டை நான் தொலைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது. உன் பீரோவில் தேடு.

அட்டெண்டன்ஸ் அண்ணன் மறுநாளே பின் வாசல் வழியாக வேலைக்கு வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. "அக்கா சொன்னது மேடையில. மேடையை விட்டு இறங்கிட்டேன்ல?" என்கிறார். இந்த வருடப் பரிசு கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. உழைக்கிறேன் என்று வருகிறவரைக் கழுத்தைப் பிடித்தா தள்ள முடியும்? அவரைப் பார்த்துவிட்டு மடிப்பு மேஜையில் ரெண்டு பேர் இருமிக்கொண்டே வேலை செய்கிறார்கள். நம் இடத்தில் ஒற்றுமை அப்படி.

எனக்கும் தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. உன்னோடு மனசுக்குள்ளேயே கத்திக்கொண்டிருப்பதால் வந்தது.

இப்படிக்கு,
அதே முதலாளி

ஜனவரி 14, புதன்

தம்பி,

இன்றைக்குக் கிண்டல் இல்லை. என்ன நடக்கிறது அங்கே?

திங்கட்கிழமை மேல்மாடியைத் திறந்தோம். அன்று துணி சரியாக வந்தது. நேற்று பாதி மூட்டை. இன்று வேனைத் திறந்தால் தலையணை உறை மட்டும். டிரைவரைக் கேட்டால் "அங்க ஆளே இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிகிறார்.

மத்தியானம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வந்தார். நெஞ்சில் சளி கட்டி, பேச்சு பாதியில் நின்று நின்று வந்தது. மேல்மாடியில் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைத் துடைத்து வைத்தாயிற்று. விரிக்கத்தான் ஒன்றும் இல்லை. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஆக்ஸிஜன் மாட்டி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெட்டு காலியாத்தானே இருக்கு? ஏம்மா படுக்க விட மாட்டேங்கறீங்க?" இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், விரிக்கத் துணி இல்லை என்று ஒரு நோயாளியின் வீட்டாரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கடைசியில் ஆபரேஷன் தியேட்டரில் கெஞ்சி ஒரு பச்சைத் துணி வாங்கி வந்து விரித்தேன். நாளைக்கு அவர்களும் தர மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் பெட்ஷீட் வரவில்லை என்றால் மேல்மாடியை மூடிவிடச் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். புதிதாக வருகிறவர்களை அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். அவ்வளவு தூரம் போய்ச் சேருகிற நிலைமையில் இல்லாதவர்களும் வருவார்கள், தம்பி. எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது.

போனையாவது எடு.

அக்கா

ஜனவரி 15, வியாழன்

அக்கா,

போன் எடுக்காதது கோபத்தால் இல்லை. பேசினால் இருமல் நிற்கவில்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மடிப்பு மேஜையில் நாலு பேர் வரவில்லை. மத்தியானம் பெரிய இஸ்திரி மெஷின் ஆட்கள் விழுந்தார்கள். சாயங்காலம் நான். எனக்கு வந்தது சளி என்று யாராவது சொன்னால் அடிப்பேன். எலும்பெல்லாம் தனித்தனியாக வலிக்கிறது. என்னை வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றி வெளியே எடுத்த மாதிரி இருக்கிறது. இதுதான் வருடா வருடம் வருகிறதா? இத்தனை வருடம் யாருமே எனக்குச் சொல்லவில்லையே. நீ சொன்னாய் என்று சொல்லாதே.

அட்டெண்டன்ஸ் அண்ணன் மட்டும் தெம்பாகிவிட்டார். எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுக் குணமானவர் அவர். வாசலில் நின்று, "என்னாலதான் இப்படி ஆச்சு மொதலாளி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்களால் இல்லை, என் கடிகாரத்தால் என்று சொன்னேன்.

வீட்டில் நடமாடுகிற ஆள் உன் தம்பி பொண்டாட்டி ஒருத்திதான். எப்படி என்று கேட்டேன். "அண்ணி ஊசி போட்டு விட்டாங்க. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை" என்கிறாள். வேன் டிரைவருக்கும் போட்டிருக்கிறாயாம். என் வீட்டிலேயே எனக்கு எதிராகக் கட்சி சேர்த்திருக்கிறாய்! நல்லவேளை சேர்த்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரித் துணி மலையாகக் கிடக்கிறது, துவைத்து முடிக்க இந்த வாரம் ஆளில்லை. ஆனால் கடையின் பின்னறையில் ஓர் அலமாரி இருக்கிறது. துவைக்கக் கொடுத்துவிட்டு வாங்கவே வராதவர்களின் துணி. கல்யாணம், வீடு மாற்றம், மறதி என்று வருடக்கணக்காகச் சேர்ந்தது. முக்காலே மூணு வீசம் பெட்ஷீட்தான். ஏற்கனவே துவைத்தவை, கொதிக்கிற தண்ணீரில் ஒரு சுற்று விட்டால் போதும். துவைத்து மூட்டை கட்ட இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது, அட்டெண்டன்ஸ் அண்ணன் வருகிறேன் என்கிறார். உன் தம்பி பொண்டாட்டியும், டிரைவரும், அவரும் நாளைக்குள் முடித்துவிடுவார்கள். எல்லாம் மாஸ்க்கோடுதான்.

ஒன்றே ஒன்று. ஒன்றுகூட வெள்ளை இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்வார்களா?

தம்பி

ஜனவரி 17, சனி

என் தங்கத் தம்பிக்கு,

ஏற்றுக்கொண்டார்கள்!

நேற்று மூட்டையைப் பிரித்தபோது நர்ஸ்கள் போட்ட சத்தத்தில் கீழ் வார்டு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் கட்டிலில் ரோஜாப் பூ, இரண்டாவதில் கிளி, அடுத்ததில் ராக்கெட்டும் நிலாவும். ஓரத்துக் கட்டிலில் விரித்தது யார் வீட்டு ஜன்னல் திரையோ, வளையம் மாட்டுகிற ஓட்டைகூட இருக்கிறது. பெரிய டாக்டர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொதிக்க வெச்சதுங்க சார்" என்றேன். "அப்புறம் என்ன, மூட வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகும்போது கிளியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த பஸ் டிரைவர் இன்று முழு வாக்கியமாகப் பேசுகிறார். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

இன்னொரு கூத்து. ஹெட்மாஸ்டர் ஒருவரைச் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கிக் கண்ணைத் திறந்தவர் பெட்ஷீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். நினைவு தப்புகிறதோ என்று பயந்து ஓடினேன். "சிஸ்டர், இது எங்க வீட்டு ஷீட்டு! ஓரத்துல என் சம்சாரம் போட்ட தையல் பாருங்க. லாண்டரியில போட்டு அஞ்சு வருஷமாச்சு, ரசீதைத் தொலைச்சுட்டேன்!" என்றார். இப்போது டிஸ்சார்ஜ் ஆகும்போது தன்னோடு பெட்ஷீட்டையும் டிஸ்சார்ஜ் செய்யச் சொல்கிறார். உன் கடைக்கு வருவார், தயாராக இரு.

நீ கஞ்சி குடி, தண்ணீர் குடி, படு. காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு நாள் முழுதும் வெளியே வராதே. எழுந்து கடைக்குப் போனாய் என்று கேள்விப்பட்டால் மேடை போட்டு மைக் வைத்துத் திட்டுவேன். எனக்கு இங்கே தும்மல்தான். இத்தனை மூட்டை பிரித்தால் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறாமல் என்ன செய்யும்?

அக்கா

ஜனவரி 19, திங்கள்

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆகிறது. நீ சொன்னபடி படுத்தேன். சும்மா படுத்திருப்பது துணி துவைப்பதைவிடக் கஷ்டமான வேலை.

ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள் உன் தம்பி பொண்டாட்டி. நேற்று ஒருவரைத் திருப்பி அனுப்பினாள். அவரும் சந்தோஷமாகப் போனார், ஏனென்றால் காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று நான் அறிவித்துவிட்டேன். வெள்ளை பெட்ஷீட் நாளை மறுநாளிலிருந்து முழுசாக வரும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிரைவர் சொல்கிறார், நீ துணி வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்குள் நாலு தடவை தும்மினாயாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். ஷால் போர்த்தியிருந்தாயாம். பஞ்சுத் தூசிக்குக் குளிருமா அக்கா? நான் பதினைந்து வருடமாகப் பஞ்சுத் தூசியில் நிற்கிறேன், எனக்கு ஒரு நாளும் குளிரவில்லை.

புதன்கிழமை முதல் மூட்டையோடு நானே வருகிறேன்.

தம்பி

ஜனவரி 22, வியாழன்

தம்பிக்கு,

நேற்று நீ செய்தது நியாயமா?

என் வார்டில், என் நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் முன்னால், மாஸ்க் போட்டுக்கொண்டு மூட்டையும் கையுமாக வந்து நின்றாய். "கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று பவ்வியமாக நோட்டை நீட்டினாய். நான் குனிந்ததும் நெற்றியில் கை வைத்துவிட்டாய். அதோடு விட்டாயா? மேல்மாடி முழுக்கக் கேட்கும்படி, "அனலா கொதிக்குது! இவங்களை யாரு வேலைக்கு விட்டது?" என்று கத்தினாய். ஹெட்மாஸ்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். பஸ் டிரைவர் விசிலே அடித்தார். விசில் அடிக்கிற அளவுக்கு நெஞ்சு தெளிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா? பெரிய டாக்டர் என் கையிலிருந்து சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டார். நீ ஓட்டி வந்த அந்த லாண்டரி வேனிலேயே, துணி மூட்டைகளுக்கு நடுவில், என்னை வீட்டில் இறக்கினாய்.

ஊசி போட்டவளுக்கே வந்துவிட்டதா என்று கேட்காதே. சிலருக்கு வரும். வந்தாலும் உன்னை மாதிரி எலும்பை எண்ணிக்கொண்டு கிடக்கவில்லை, எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இல்லாவிட்டால் மேல்மாடி நடக்காது என்று நினைத்தேன். மாமா போன் போட்டு விசாரித்தார், நான் இருந்தபோதை விட நன்றாகவே நடக்கிறதாம். மாத்திரை கொடுக்கும் சாக்கில் இதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நிறையக் கோபத்தோடுதான் படுத்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. காரணத்தை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பெருந்தொற்று வருடத்தில் நீ என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசுவாய். தவறே இல்லை, நான்தான் அப்படி நிற்கச் சொன்னேன். வீட்டில் மாமாகூட அடுத்த அறையில்தான். அந்த வருடம் முழுக்க நான் எத்தனையோ பேரைக் கையுறை போட்டுத் தொட்டேன். என்னைத் தொட ஆளில்லை. ஒருநாள் எனக்கே காய்ச்சல் மாதிரி இருந்தபோது என் கையையே என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். சூடு தெரியவில்லை, கையும் சூடாகத்தானே இருக்கும். நேற்று உன் கை பட்டதும் அது ஞாபகம் வந்துவிட்டது. சோப்பு வாசனை அடித்தது உன் கையில். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் என்ன, அதற்குள் ஏன் எடுத்தாய்?

அக்கா

ஜனவரி 23, வெள்ளி

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்று படித்தேன். கண்ணில் நீராவி பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

இத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. அலமாரியைக் காலி செய்தபோது அடித் தட்டில், சுவரோடு ஒட்டி ஒன்று இருந்தது. நீலம், பூப்போட்டது. ஆஸ்பத்திரி மூட்டையில் போடாமல் உன் தம்பி பொண்டாட்டி எடுத்து வைத்துவிட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன ஆயிரம் முறையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு தடவை துவைத்தாயிற்று, நானே இஸ்திரி போட்டேன். அதை விரித்துப் படு.

ஹெட்மாஸ்டர் வந்தார். பெட்ஷீட்டை வாங்கிக்கொள்ள என்று நினைத்தால், இல்லை, மேல்மாடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து இன்னும் இரண்டைக் கொண்டு வந்து கொடுத்தார். கடையில் ஃப்ளூ ஊசி போட எப்போது ஆள் அனுப்புவாய் என்று அட்டெண்டன்ஸ் அண்ணன் கேட்கிறார். வரிசையில் முதலில் நான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு இரண்டாவது இடம்.

அந்தக் கடிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த வருடத்திலிருந்து, காய்ச்சல் என்றதும் தானாக வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்குத்தான் பரிசு. உனக்குக் கிடையாது, நீ தானாகப் போகவில்லை, வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் இந்தத் தடவையும் நீதான். மேடைக்கு வா, மைக்கைப் பிடி, யார் நெற்றியில் வேண்டுமானாலும் கை வை. முதலில் என் நெற்றியில் வை, சீக்கிரம் எடுத்துவிடாதே.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்துவிட்டதாக டிரைவர் சொன்னதும் கூப்பிடுகிறேன். நீ சிரிக்கலாம்.

தம்பி